ஹிரோஷிமா பயணக் குறிப்பு: ஊரே காசு போட்டுக் காப்பாத்தின டீம்

ஜூன் 24, மழை

ஒசாகாவுல இருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென்ல வர்றவங்க இடது பக்கம் ஜன்னலோரம் உக்காருங்க. ஸ்டேஷன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரயில் வேகம் குறையும்போது ஒரு பேஸ்பால் மைதானம் தெரியும். மத்த ஊர்ல மாதிரி நாலு பக்கமும் அடைச்சுக் கட்டல, தண்டவாளப் பக்கம் திறந்தே விட்டிருக்காங்க, ரயில்ல போறவங்களும் ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டும்னு. நான் பாத்தப்ப உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. நடுவுல பெரிய தார்ப்பாய் விரிச்சிருக்காங்க, அது மேல தண்ணி தேங்கி நிக்குது. அன்னிக்கு ராத்திரி மேட்ச்சுக்கு டிக்கெட் என் கையில இருக்கு, வயித்தைக் கலக்குச்சு.

ஸ்டேஷன்ல இறங்கி போனைப் பாத்தா, மழையால ஆட்டம் ரத்து. மைதானத்துக்குக் கூரை கிடையாது, கீழ நிஜப் புல்லு, ஜூன் கடைசின்னா ஜப்பான்ல மழைக்காலம், யாரையும் குறை சொல்ல முடியாது. காசு திரும்பி வந்துரும், ஆனா ஹிரோஷிமா கார்ப் டீமுக்கு டிக்கெட் கிடைக்கிறது லேசுல இல்ல, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ஊர்க்காரங்க பெரும்பாலும் வாங்கி வச்சுருவாங்க. அந்த வருத்தத்தோடயே ரூம்ல பையைப் போட்டுட்டு மைதானம் வரைக்கும் நடந்தேன், ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம் தான்.

அந்தப் பத்து நிமிஷ நடையிலயே இது எந்த மாதிரி ஊருன்னு புரிஞ்சு போச்சு. ஜப்பான் முழுக்க நீலமா இருக்கிற லாசன் கடை இங்க சிவப்பு. தெருவுல பாதாளச் சாக்கடை மூடியில டீமோட சின்னமான அந்தத் தொப்பிப் பையன் படம். மேட்ச் இல்லைன்னு தெரிஞ்சும் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு குடும்பம் குடும்பமா ஆளுங்க மைதானத்தைப் பாத்து நடக்குறாங்க, என்னடான்னு பாத்தா வெளிய இருக்கிற டீம் கடையில பொருள் வாங்கப் போறாங்களாம். வாசல்ல "இன்று ஆட்டம் இல்லை" போர்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது, வர்ற ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு மன்னிப்புக் கேக்குது, மழை பெஞ்சதுக்கு அது என்ன பண்ணும் பாவம். நான் கடையில ஒரு சிவப்புத் தொப்பி வாங்கினேன், 4000 யென் கிட்ட ஆச்சு, கொஞ்சம் அதிகம் தான்.

வெளிய வரும்போது காத்துல என் குடைக் கம்பி ரெண்டு மடங்கி முறிஞ்சிருச்சு. பக்கத்துல நின்ன ஒரு பாட்டிம்மா அதைப் பாத்துட்டு அவங்க பையில இருந்து மடிச்சு வச்ச பிளாஸ்டிக் ரெயின்கோட் ஒண்ணை எடுத்து என் கையில திணிச்சாங்க. உள்ள உக்காந்து பாக்கும்போது குடை விரிக்கக் கூடாதாம், பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குமாம், அதனால இவங்க எப்பவும் ரெண்டு கோட்டு வச்சிருப்பாங்களாம். காசு குடுத்தா வாங்கல. "இன்னொரு நாள் வாங்க, ஜெயிக்கிறதைப் பாத்துட்டுப் போங்க"ன்னுட்டு அவங்க பாட்டுக்கு நடந்து போயிட்டாங்க.

ராத்திரி ஒகோனோமியாகி. ஒசாகாவுலயும் இது உண்டு, ஆனா அங்க எல்லாத்தையும் மாவுல கலக்கி ஒரே அடையா ஊத்துவாங்க. ஹிரோஷிமாவுல அடுக்கு அடுக்கா. முதல்ல மெல்லிசா ஒரு மாவு வட்டம், அது மேல மலை மாதிரி முட்டைகோஸ், முளை கட்டின பயிறு, பன்னிக்கறித் துண்டு, அதை அப்படியே தலைகீழாத் திருப்பி, பக்கத்துல வதங்கிக்கிட்டிருக்கிற நூடுல்ஸ் மேல வச்சு, கடைசில முட்டை, மேல கெட்டியான இனிப்பு சாஸ். நான் பன்னிக்கறி சாப்பிட மாட்டேன்னு சொன்னதும் கடைக்காரர் முகம் சுளிக்காம, கறி போட்ட கல்லுப் பக்கம் கொண்டு போகாம தனியா ஓரத்துல சுட்டுக் குடுத்தார். 1100 யென். தட்டு கிடையாது, சுடுற கல்லுல இருந்தே சின்னக் கரண்டியால வெட்டி வெட்டிச் சாப்பிடணும். நாக்கு வெந்தாலும் நிறுத்த முடியல.

கடையில டிவி. மேட்ச்சே நடக்காத நாள்ல கூட உள்ளூர் செய்தியில கார்ப் பத்தி ஓடுது, பிட்சருங்க, அதாவது பந்து எறியுறவங்க, உள்அரங்கத்துல பயிற்சி எடுக்கிறதைக் காட்டுறாங்க. என் தொப்பியைப் பாத்துட்டு பக்கத்து ஸ்டூல்ல இருந்த பெரியவர் பேச்சுக் குடுத்தார். எண்பதுக்கு மேல இருக்கும், அரைக் கிளாஸ் பீரை வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா உக்காந்திருந்தார். எங்க இருந்து வர்றே, எதுக்கு இந்தத் தொப்பின்னு கேட்டார். பேஸ்பால் பிடிக்கும், இந்த டீம் கதையைப் படிச்சிருக்கேன்னு சொன்னேன். "பீப்பாய் தெரியுமா?"ன்னார். தெரியும்னேன். அவ்வளவு தான், அடுத்து ஒரு மணி நேரம் அவர் தான் பேசினார், எனக்குத் தெரிஞ்ச ஜப்பானீஸுக்கு எட்டினதை எல்லாம் புடிச்சுக்கிட்டேன்.

ஜப்பான்ல பேஸ்பால் டீம்னா பின்னாடி ஒரு கம்பெனி இருக்கும். பத்திரிகை, ரயில், சினிமான்னு ஏதாவது ஒரு பெரிய முதலாளி. 1949 கடைசியில ஹிரோஷிமாவுக்கு ஒரு டீம் வேணும்னு கிளம்பினப்ப அப்படி ஒருத்தரும் இல்ல. குண்டு விழுந்து நாலே வருஷம். ஊரே இன்னும் குடிசையும் தகரமுமா கிடக்கு. மாகாணமும் நகராட்சிகளும் ஊர் மக்களும் சேந்து பணம் போடுறதா ஒரு ஏற்பாடு. ஹிரோஷிமாக் கோட்டைக்குக் கெண்டைக் கோட்டைன்னு பழைய பேரு ஒண்ணு உண்டு, அதுல இருந்து டீமுக்கு கார்ப், அதாவது கெண்டைன்னு பேரு வச்சாங்க. 1950ல, ஜப்பானோட ரெண்டு லீக்ல ஒண்ணான சென்ட்ரல் லீக்ல முதல் சீசன் ஆடினாங்க, 41 வெற்றி, 96 தோல்வி, எட்டு டீம்ல எட்டாவது இடம்.

தோத்தது கூடப் பிரச்சனை இல்ல, சம்பளம் குடுக்கக் காசு இல்ல. 1951ல டீமை தாய்யோ வேல்ஸ்னு பக்கத்து ஷிமோனோசெகியில இருந்த டீமோட சேத்துரலாம்னு நிர்வாகம் பேசி ஏறக்குறைய முடிவே பண்ணிருச்சு. மேனேஜர் ஷூய்ச்சி இஷிமோட்டோ, அவரும் இந்த மண்ணுக்காரர் தான், அதை ஏத்துக்கல. ஊர் ஊரா, பேட்டை பேட்டையா போய்க் கூட்டம் போட்டு ரசிகர் ஆதரவுச் சங்கம் ஆரம்பிச்சார். மேட்ச் நடக்கிற மைதான வாசல்ல சாக்கேங்கிற அரிசி மதுப் பீப்பாயைக் கொண்டு வந்து வச்சாங்க, கோயில் உண்டியல் மாதிரி, உள்ள போறவங்க எல்லாம் கையில இருக்கிறதைப் போட்டுட்டுப் போனாங்க.

பெரியவர் அப்ப சின்னப் பையன். அவங்க அப்பா அவர் கையில பத்து யென் நோட்டைக் குடுத்துத் தூக்கிப் பிடிச்சாராம், பீப்பாய் உயரம் இவருக்கு எட்டல. அந்த நோட்டு உள்ள விழுந்ததைப் பாக்கலாம்னு எட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டாம். அதைச் சொல்லிட்டு "அதனால இந்த டீம்ல எனக்கும் பங்கு இருக்கு"ன்னார். ரொம்ப சீரியஸா தான் சொன்னார்.

ஜூன் 25, காலையில தூறல், மத்தியானத்துக்கு மேல வெக்கை

டிராம் ஏறி அணுகுண்டு டோம் ஸ்டாப், குண்டுல இடிஞ்சு அப்படியே நிக்கிற கட்டடம் அது. ஊருக்குள்ள தூரம் எவ்வளவுன்னாலும் ஒரே டிக்கெட், 240 யென். இந்த டிராம் குண்டு விழுந்த மூணாம் நாளே, 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஒரு சின்னத் தூரத்துக்கு மறுபடி ஓடியிருக்கு.

அமைதி நினைவு மியூசியத்துக்குக் கட்டணம் 200 யென் தான். உள்ள போய் வந்ததைப் பத்தி நான் அதிகம் எழுதல, எழுத வரல. அந்த வருஷக் கடைசிக்குள்ள சுமார் 1,40,000 பேர் செத்திருக்காங்கன்னு எண்ணாப் படிச்சது வேற, எரிஞ்ச சோத்து டப்பாவையும் சின்னப் பிள்ளையோட மூணு சக்கர சைக்கிளையும் முன்னாடி நின்னு பாக்குறது வேற. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா வந்தாங்க, ஒருத்தரும் சத்தம் போடல. வெளிய வந்து ஆத்தங்கரையில ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், சாப்பிடவே தோணல.

டோமுக்கு எதிர்ல, டிராம் ரோட்டைத் தாண்டினா ஒரு பெரிய பூங்கா. கேட் பார்க்னு பேரு, 2023ல திறந்தது. அங்க தான் கார்ப்போட பழைய மைதானம் இருந்துச்சு. 1957 ஜூலையில திறந்த மைதானம், உள்ளூர்க் கம்பெனிகள் பத்து சேந்து பணம் போட்டுக் கட்டினது, ராத்திரி ஆட்டத்துக்கு விளக்குக் கம்பங்களோட. 2008 வரைக்கும் கார்ப்புக்கு அதான் வீடு, அப்புறம் இடிச்சுட்டாங்க. ரைட் பக்க ஸ்டாண்டுல ஒரு துண்டை மட்டும் இடிக்காம விட்டிருக்காங்க. பூங்காவுல காபிக் கடை, ஸ்கேட் போர்டு ஓட்டுற பசங்க, நடுவுல அந்தக் கான்கிரீட் படிக்கட்டு. அங்க நின்னா ஒரு பக்கம் அந்தப் பழைய சீட்டுங்க, திரும்பினா டோமோட எலும்புக்கூடு. என் மனசுல இந்த ரெண்டும் வேற வேற ஊர்ல இருந்துச்சு, இவ்வளவு பக்கத்துல இருக்கும்னு நினைச்சே பாக்கல. குண்டு விழுந்து பன்னெண்டு வருஷத்துல, அந்த இடிஞ்ச கட்டடத்துக்கு எதிரவே ராத்திரி விளக்கு போட்டு ஆட்டம் பாத்திருக்காங்க ஜனங்க. குண்டுல பிள்ளையைப் பறிகுடுத்தவங்க, முதுகுல தீக்காயத் தழும்பு இருக்கிறவங்க, எல்லாரும் அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாங்க தானே. பீப்பாயில ஏன் காசு போட்டாங்கன்னு எனக்கு அங்க தான் விளங்குச்சு.

அந்தப் படிக்கட்டு நிழல்லயே உக்காந்து பழைய ஆளுங்களை நினைச்சுக்கிட்டிருந்தேன். 1952ல லீக் ஒரு சட்டம் போட்டுச்சு, வெற்றி விகிதம் 30 சதவீதத்துக்குக் கீழ போற டீமைக் கலைச்சுருவோம்னு. யாரைக் குறி வச்சுப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கார்ப் 37 வெற்றி, 80 தோல்வி, 31.6 சதவீதத்துல தப்பிச்சது. கீழ போனது ஷோச்சிகு ராபின்ஸ், அது தாய்யோவோட சேந்து போச்சு. ரியோஹெய் ஹசெகாவான்னு ஒரு பிட்சர், 167 செண்டிமீட்டர் தான் உயரம், முதல் வருஷத்துல இருந்து கடைசி வரைக்கும் இந்த ஒரே டீமுக்குப் போட்டு 197 வெற்றி எடுத்தார், 208 தோல்வியும் வாங்கினார். பின்னாடி நிக்கிற டீம் அப்படி. 1955ல மட்டும் 30 வெற்றி.

அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவங்கள்ல ஹிரோஷிமாக்காரங்க ரொம்ப அதிகம். அதுல ஒருத்தர் கெனிச்சி செனிமுரா, போர் சமயத்துல ஜப்பானிய வம்சாவளிக்காரங்களை அமெரிக்கா அடைச்சு வச்சதே, அந்த கிலா ரிவர் முகாம்ல பாலைவனத்துக்கு நடுவுல ஒரு பேஸ்பால் மைதானமே கட்டினவர். அவரோட பசங்க 1953ல அப்பா பொறந்த ஊருக்கு கார்ப் சட்டை போட வந்திருக்காங்க. அவங்களை வரவேற்ற ஊர்வலத்தை நேர்ல பாத்திருக்கணும்.

மத்தியானம் வெயில் எட்டிப் பாத்துச்சு, அந்த ஈரத்துல அது இன்னும் மோசம், சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. கடையில ஐஸ் போட்ட லெமனேடு 450 யென். செட்டோ உள்கடல் தீவுகள்ல எலுமிச்சை நல்லா விளையுமாம், தோலோட அரைச்சிருந்தாங்க, அந்தக் கசப்பு நல்லா இருந்துச்சு.

ஜூன் 26, மியாஜிமா தீவு

மேட்ச் இன்னிக்கும் இருக்கு, ஆனா டிக்கெட் எல்லாம் தீந்துருச்சு. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு தான் மிச்சம் இருந்துச்சு, அதுவும் எதிரணி ரசிகர்களுக்குன்னு ஒதுக்கின பகுதியில. பரவால்லன்னு வாங்கிட்டேன், அந்தப் பகுதியில கார்ப் தொப்பி, சட்டை எதுவும் போடக் கூடாதுன்னு கீழ எழுதியிருக்கு.

மியாஜிமாவுக்குக் கப்பல் பத்து நிமிஷம். தீவுக்குள்ள போற வரி 100 யென் சேத்து வாங்கிக்கிறாங்க. கடலுக்குள்ள நிக்கிற சிவப்பு வளைவைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. நான் போனப்ப தண்ணி வத்தி, வளைவோட காலடி வரைக்கும் சேத்துல நடந்து போனாங்க ஜனங்க. மானுங்க ஊருக்குள்ள சுத்துது, ஒரு பொண்ணு கையில இருந்த வரைபடத்தைப் பிடுங்கி ஒண்ணு நிதானமா மென்னு முழுங்கிச்சு, அந்தப் பொண்ணோட அம்மா மானுக்கு எதுவும் ஆயிருமோன்னு பதறினாங்க.

சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி கார்ப் டீம் மொத்தமும் இந்த இட்சுகுஷிமாக் கோயிலுக்கு வந்து ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போகும். தெருக் கடை எல்லாம் மரத்துல செஞ்ச சோத்துக் கரண்டி தொங்குது, தீவோட கைத்தொழில் அது. கார்ப் ரசிகர்ங்க அந்தக் கரண்டியை ரெண்டு ரெண்டா மைதானத்துக்குக் கொண்டு போய்த் தட்டித் தான் சத்தம் எழுப்பினாங்க பல காலமா. நான் ஒரு ஜோடி வாங்கினேன், 800 யென். உள்ள சிவப்புப் பயறுப் பூரணம் வச்சு மேப்பிள் இலை வடிவத்துல கேக்கு, அதைக் குச்சியில குத்தி எண்ணெயில பொரிச்சுத் தர்றாங்க, 250 யென், வாயை வேக வைக்கும் ஆனா விட மனசு வராது.

திரும்பி வர்ற கப்பல்ல கரண்டியைப் பாத்துட்டு ஒருத்தர் சிரிச்சார். மாஸ்டா கார் தொழிற்சாலையில வேலை பாத்து ரிடையர் ஆனவராம். அந்தக் கம்பெனி தான், அப்ப டோயோ கோக்யோன்னு பேரு, 1968ல டீமைத் தாங்கிப் பிடிச்சது. அன்னில இருந்து தான் ஹிரோஷிமா டோயோ கார்ப். கம்பெனியும் அதை நிறுவின மட்சுதா குடும்பமுமா பங்கு வச்சிருக்காங்க, ஆனா டீமோட செலவுக்கு டீமே சம்பாதிச்சுக்கணும், நஷ்டத்தைக் கம்பெனி அடைக்காது. இன்னிக்கும் அப்படித்தான்.

எது உங்களுக்கு மறக்காதுன்னு கேட்டேன். 1975னு சொல்லுவார்னு நினைச்சேன். அந்த வருஷம் தான் முதல் தடவை லீக் ஜெயிச்சது. அதுக்கு முன்னாடி மூணு வருஷமும் கடைசி இடம். ஜோ லுட்ஸ்னு ஒரு அமெரிக்கர் மேனேஜரா வந்து, கருநீலமா இருந்த தொப்பியைச் சிவப்பாக்கினார், ஆனா ஏப்ரல் முடியுறதுக்குள்ள அம்பயரோட தகராறு பண்ணி ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். அவர் விட்டுட்டுப் போன சிவப்போட தகேஷி கோபா டீமை நடத்தி, அக்டோபர் 15ஆம் தேதி டோக்கியோவுல, அந்தப் பெரிய ஜயன்ட்ஸ் டீமோட சொந்த மைதானத்துலயே பட்டத்தை வாங்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல கெய்ல் ஹாப்கின்ஸ் மூணு ரன் ஹோம் ரன் அடிச்சு முடிச்சார், பின்னாடி அவர் டாக்டர் ஆயிட்டார். ஊருக்குத் திரும்பி அமைதிச் சாலையில ஊர்வலம் போனப்ப சுமார் 3 லட்சம் பேர். செத்தவங்க போட்டோவைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவங்களும் அதுல உண்டுன்னு இவர் சொன்னார், இவரே தன்னோட அண்ணன் போட்டோவோட தான் போயிருக்கார்.

ஆனா அவர் சொன்னது 1979. நவம்பர் 4, ரெண்டு லீக்ல ஜெயிச்ச டீமுங்களும் மோதுற ஜப்பான் சீரிஸ், அதோட ஏழாவது ஆட்டம், ஒசாகாவுல, கிந்தெட்சு பஃபலோஸ் கூட. மூணுக்கு மூணுன்னு சமமா நிக்குது, இதுல ஜெயிச்சா முதல் சாம்பியன் பட்டம். கார்ப் 4-3 முன்னிலை, எதிரணிக்குக் கடைசி இன்னிங்ஸ். பிட்சர் யுதாகா எனாட்சு. அவுட்டே இல்லாம மூணு பேஸ்லயும் ஆள் நிக்கிறான். கிரிக்கெட் மட்டும் பாக்குறவங்களுக்குச் சொல்றேன், இந்த நிலைமையில ஒரு ரன் போகாம தப்பிக்கிறதே பெரிய விஷயம். அந்த நேரத்துல கார்ப் பெஞ்ச், ஒருவேளை தேவைப்பட்டா இருக்கட்டும்னு வேற பிட்சரை ஓரத்துல தயார் பண்ண ஆரம்பிச்சுது. எனாட்சு அதைப் பாத்துட்டார், என் மேல நம்பிக்கை இல்லையான்னு உள்ளுக்குள்ள கொதிச்சுப் போயிட்டார். அப்ப கார்ப்புக்கு முதல் பேஸ்ல ஃபீல்டிங் நின்ன சச்சியோ கினுகாசா நடந்து வந்து, உன் மனசு எனக்குப் புரியுதுங்கிற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் எனாட்சு ஆளே மாறிட்டார்.

முதல் பேட்டர் அவுட். அடுத்த ஆள் இஷிவதா. எதிரணி ஸ்குவீஸ் போடுது, அதாவது பேட்டர் பந்தை மெதுவா தட்டிவிட, மூணாவது பேஸ் ஆள் கண்ணை மூடிக்கிட்டு ஹோம் பேஸுக்கு ஓடி வரணும். எனாட்சு கை பந்தை விடப் போற நொடி, அவன் ஓடுறது தெரிஞ்சு, பிடிச்சிருந்த வளைவுப் பந்தையே வெளிப் பக்கம் தூக்கி வீசிட்டார். பேட்டு எட்டல. ஓடி வந்தவன் நடுவழியில மாட்டி அவுட். அப்புறம் இஷிவதாவும் அவுட். அந்த இன்னிங்ஸ்ல மொத்தம் 21 பந்து. கப்பல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே இவர் அந்தக் கையசைவைச் செஞ்சு காட்டுறார், பக்கத்துல இருந்த ஒரு ஸ்கூல் பொண்ணு போனை இறக்கி வச்சுட்டுக் கேக்குது. அவர் அன்னிக்கு நைட் ஷிஃப்ட் தூக்கத்தை விட்டுட்டு தொழிற்சாலை ஹாஸ்டல் டிவியில பாத்திருக்கார்.

1980லயும் ஜெயிச்சாங்க, 1984லயும். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஜப்பான் சீரிஸ் பட்டம் இல்ல. பன்னெண்டு டீம்ல இவ்வளவு காலம் காத்துக்கிட்டிருக்கிறது இவங்க தான்.

ஜூன் 27, மேட்ச்

காலையில இருந்து வானத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மேகம் இருந்துச்சு, மழை இல்ல. மத்தியானம் மூணு மணிக்கே கேட்ல போய் நின்னுட்டேன்.

மைதானம் 2009ல திறந்தது, பழைய சரக்கு ரயில் யார்டு இருந்த இடம். படுத்துக்கிட்டுப் பாக்குற சீட்டு, கறி சுட்டுக்கிட்டே பாக்குற மேஜை, ஆட்டக்காரங்க கண்ணுக்கு நேரா தரை மட்டத்துல ஒரு வரிசைன்னு விதவிதமா. சுத்தி ஒரு முழு ரவுண்டு நடந்து வரலாம், எங்க நின்னாலும் ஆட்டம் தெரியும். கார்ப் உடோன் பழைய மைதானத்துல இருந்தே விக்கிறது, வரிசை நீளமா இருந்தாலும் சட்டுனு நகருது. பொரிச்ச டோஃபு போட்டது கேட்டேன், ஆயிரம் யென்னுக்குள்ள. நூடுல்ஸ் குழைஞ்சு தான் இருக்கு, ரசம் மாதிரி அந்தத் தண்ணிக்காகவே இன்னொண்ணு வாங்கலாம்னு தோணுச்சு.

என் சீட்டு லெஃப்ட் பக்க மேல் மூலையில. வாசல்ல ஒரு பையன் என் தொப்பியைப் பாத்து ரெண்டு கையையும் சேத்து, ரொம்ப மன்னிக்கணும், தயவுசெஞ்சு பைக்குள்ள வச்சுக்கிறீங்களான்னு கேட்டான். வச்சுக்கிட்டேன். சுத்தி முழுக்க நீலம். எதிரணி யோகோஹாமா. எனக்கு உடனே ஞாபகம் வந்தது என்னன்னா, 1951ல கார்ப்பைத் தனக்குள்ள சேத்துக்க இருந்த அந்த தாய்யோ டீமோட வாரிசு தான் இந்த யோகோஹாமா. அந்தச் சேர்க்கை நடந்திருந்தா எனக்கு எதிர்ல இருக்கிற இந்தச் சிவப்பு மைதானமே கிடையாது. பக்கத்து சீட்டுக்காரர் கிட்ட சொன்னேன், யோகோஹாமாவுல இருந்து நைட் பஸ்ல வந்தவர். அவருக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு டீமும் பொழைச்சுது, அதான் நல்லதுன்னு சொல்லி தன்னோட பொரிச்ச கோழி டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

இந்த மூலையில உக்காந்ததுல ஒரு லாபம், சிவப்புக் கூட்டத்தை முழுசாப் பாக்க முடிஞ்சுது. கார்ப் பேட்டிங் வந்ததும் ஒரு பகுதி எழும்புது, அது உக்காரும்போது அடுத்த பகுதி எழும்புது, பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறி மாறி, ஒன்பது இன்னிங்ஸும் இதையே பண்றாங்க. தாத்தா பாட்டிங்க கூட. முதுகுல பீர் டேங்க்கைக் கட்டிக்கிட்டுப் படியேறுற பொண்ணுங்க அந்தக் குதிப்புக்கு நடுவுல ஒரு சொட்டு சிந்தாம ஊத்துறாங்க, ஒரு கப் 800 யென் கிட்ட.

சட்டை முதுகுல பழைய ஆளுங்க பேரு நிறைய தெரிஞ்சுது. 3, அது கினுகாசா. 1970ல இருந்து 1987 வரைக்கும் 2215 ஆட்டம் ஒரு நாள் விடாம ஆடினவர், அமெரிக்காவுல லூ கெரிக் வச்சிருந்த 2130ஐத் தாண்டினவர். 1979 ஆகஸ்ட்டுல பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சு, மறுநாளே பேட்டைத் தூக்கிட்டு வந்து மூணு தடவையும் முழு வீச்சு வீசி அவுட் ஆனார். அந்த மூணாவது வீச்சு, தன் மேல பந்தை எறிஞ்சதுக்காக மனசு உடைஞ்சு போயிருந்த எதிரணிப் பிட்சருக்காகன்னு பின்னாடி சொன்னார். 8 கோஜி யமமோட்டோ, ஹிரோஷிமாப் பிள்ளை, 536 ஹோம் ரன். 14 சுனேமி சுதா, மூளையில கட்டி வந்து 1993ல 32 வயசுல போயிட்டார். அவர் பேர்ல ஒரு தகடு பிட்சருங்க தயாராகுற இடத்துல பதிச்சிருக்கு.

அப்புறம் 15. அது தான் அதிகம். ஹிரோகி குரோதா.

இதைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1993ல ஆட்டக்காரங்க இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம்னு விதி வந்ததும் காசு இருக்கிற டீமுங்க கார்ப்ல வளர்ந்த ஆளுங்களை ஒவ்வொருத்தரா கொண்டு போயிட்டாங்க. அகிரா எட்டோ ஜயன்ட்ஸ் போனார், கானெமோட்டோ ஹான்ஷின் போனார், 2007 சீசன் முடிஞ்சதும் அராய் ஹான்ஷினுக்கும் குரோதா அமெரிக்காவுக்கும் ஒரே சமயத்துல போனாங்க. 1998ல இருந்து 2012 வரைக்கும் பதினஞ்சு வருஷம் முதல் மூணு இடத்துக்குள்ளயே வரல. அந்தப் பதினஞ்சு வருஷமும் இந்த ஊர் பாத்துக்கிட்டே தான் இருந்துச்சு. 2004ல ஜப்பான் பேஸ்பால் முழுக்கக் குழப்பம், டீமுங்க மூடப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப, புது மைதானம் வேணும்னு மறுபடி பீப்பாயை எடுத்து வெளிய வச்சாங்க. நான் நின்ன அந்த இடம் அப்படி வந்தது தான்.

குரோதா டாட்ஜர்ஸ்லயும் யாங்கீஸ்லயும் நல்லா போட்டுக்கிட்டிருக்கும்போதே, இன்னும் ஒரு வருஷத்துக்குப் பல மடங்கு பணம் குடுக்க அங்க ஆளுங்க ரெடியா இருந்தும், 2015ல கார்ப்புக்குத் திரும்பி வந்தார். அதே வருஷம் அராயும் வந்தார். போனப்ப திட்டினவங்க எல்லாம் அவர் முதல் தடவை பேட்டைத் தூக்கிட்டு வந்தப்ப எழுந்து நின்னு கை தட்டினாங்க. அடுத்த வருஷம், 2016 செப்டம்பர் 10, டோக்கியோவுல, 25 வருஷத்துக்கு அப்புறம் லீக் பட்டம். பிட்சர் குரோதா. முடிஞ்சதும் நாற்பது வயசை ஒட்டின குரோதாவும் அராயும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அந்த வீடியோவை நான் பல தடவை பாத்திருக்கேன். அராய் தான் இப்ப மேனேஜர். தூரத்துல பெஞ்ச் பக்கம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சுது.

ஆட்டம் ஒரு ரன்ல போச்சு. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு பேர் பேஸ்ல, மேல தூக்கி அடிச்ச பந்து நடு மைதானத்துல கேட்ச் ஆயிருச்சு. என்னைச் சுத்தி நீலம் குதிக்குது. எதிர்ல இருக்கிற சிவப்புக் கூட்டம் பாதி ஆள் எழுந்திரிக்கவே இல்ல, டீம் வந்து தொப்பியைக் கழட்டித் தலை வணங்குற வரைக்கும் உக்காந்து கை தட்டினாங்க. அப்புறம் குப்பையைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு வரிசையா இறங்கினாங்க. யோகோஹாமாக்காரர் அவங்க டீம் ஜெயிச்சும் என் கிட்ட மட்டும் மெதுவா பேசினார், பைக்குள்ள இருக்கிற தொப்பியை அவர் வரும்போதே பாத்துட்டாராம்.

வெளி கேட்டைத் தாண்டினதும் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் கூட்டம் நத்தை வேகம், முன்னாடி ஒரு அப்பா தோள்ல உக்காந்த பொடியன் தூங்கி வழியுறான், கையில மட்டும் கரண்டி. அவன் அப்பா ஏழாவது இன்னிங்ஸ்ல பிட்சரை ஏன் மாத்தலன்னு நண்பன் கிட்ட வாதாடிக்கிட்டே போறார்.

ஜூன் 28, ஊருக்குக் கிளம்பினது

கால் ரெண்டும் கல்லு மாதிரி. ஸ்டேஷன்ல சூகோக்கு ஷிம்புன் பேப்பர் வாங்கினேன், இந்த டீம் பிறந்த காலத்துலயே கூட நின்ன உள்ளூர்ப் பத்திரிகை. நேத்துத் தோல்வியைப் பக்கம் பக்கமா அலசியிருக்காங்க, பிட்சரை மாத்தாத விஷயமும் இருக்கு.

போறவங்களுக்கு: டிக்கெட்டை வசந்த காலத்துலயே பாத்து வாங்கிருங்க, ஜூன்ல போனா கூட ஒரு நாள் கையில வச்சுக்கோங்க. குடைக்குப் பதிலா ரெயின்கோட், ரெண்டா எடுத்துட்டுப் போங்க. ஒகோனோமியாகி கடையில தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்தீங்கன்னா பேச ஆள் தானா வரும். நான் செப்டம்பர்ல முதல் பேஸ் பக்கம், சிவப்புக்கு நடுவுல ஒரு சீட்டுக்கு இப்பவே தேடிக்கிட்டிருக்கேன்.